பசியாவரத்தில் பறந்த தொப்பி

பழவேற்காடு ஏரியில் ஒரு தொப்பி விழுந்தது. இந்தக் கட்டுரை அதிலிருந்துதான் ஆரம்பமாகிறது.

தொப்பி என்னுடையதல்ல. நமது சித்திரக்காரருடையது. "மாசி மாத வெயிலை லேசாக நினைத்துவிடக் கூடாது" என்று சொல்லி, பாண்டி பஜாரில் அரை மணி நேரம் பேரம் பேசி வாங்கிய அகலமான வைக்கோல் தொப்பி. மீஞ்சூரைத் தாண்டிப் பொன்னேரி வரும் வரையில் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக் குழந்தையைப் போல் பாதுகாத்து வந்தார். பழவேற்காட்டுத் துறையில் படகு ஏறியதும் தலையில் வைத்தார். படகு கரையை விட்டு நூறு கஜம் போயிருக்குமோ என்னவோ, வங்காள விரிகுடாவிலிருந்து ஒரு காற்று வந்தது. அவ்வளவுதான்! தொப்பி சற்று நேரம் நாரையைப் போல் பறந்து, பிறகு வாத்தைப் போல் மிதந்து, கடைசியில் கல்லைப் போல் அமிழ்ந்துவிட்டது.

படகுக்காரர் நல்ல மனிதர். சிரிக்கவில்லை. "விளிம்பு அகலமா இருந்தா காத்துக்குக் கொண்டாட்டம் சார். இங்கே துண்டுதான் லாயக்கு. கட்டினா எங்கேயும் போவாது" என்றார்.

"ஐரோப்பாக்காரனும் இதையேதான் கண்டுபிடித்தான்!" என்று கூவினார் சித்திரக்காரர். தொப்பி போன துக்கம் ஒரு நொடியில் மறந்துவிட்டது அவருக்கு.

இதற்குக் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். நெப்போலியன் காலத்துக் கதை ஒன்றுக்குப் படம் போடும் பொறுப்பு அவருக்கு வந்திருந்தது. பத்து நாளாக மனிதர் ரஷ்யச் சிப்பாய்களின் தொப்பியைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை. ஆபீஸில் காப்பி கொண்டுவரும் பையனுக்குக்கூட இப்போது கிரனேடியர் என்றால் யார் என்று தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

கிரனேடு என்றால் கையெறி குண்டு. 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகளில் அதை வீசுவதற்கென்று வாட்டசாட்டமான ஆட்களைப் பொறுக்கி எடுத்தார்கள். அவர்கள்தான் கிரனேடியர்கள். குண்டை எறிய இரண்டு கையும் வேண்டும். ஆகையால் துப்பாக்கியைத் தோளில் குறுக்கே மாட்டிக்கொள்ள வேண்டும். அப்போது அகல விளிம்புத் தொப்பி குறுக்கே வந்து இடிக்கும், தட்டிவிடும். எனவே விளிம்பை எடுத்துவிட்டார்கள். விளிம்பு போனதும் தொப்பி மேல்நோக்கி வளர ஆரம்பித்தது! பிஷப்புகளின் முடியைப் போல் கூம்பாக, முன்புறம் பளபளக்கும் பித்தளைத் தகட்டுடன் உயர்ந்தது. ஏற்கெனவே ஆறடி ஆள் ஏழடியாகத் தெரிந்தான். எதிரி பயப்பட வேண்டுமல்லவா? நெப்போலியன் காலத்துக்குள் கையெறி குண்டின் உபயோகம் பெரும்பாலும் போய்விட்டது. பெயரும் தொப்பியும் மட்டும் நின்றன. உலகத்தில் அநேக விஷயங்கள் இப்படித்தான்.

இந்தக் கதையெல்லாம் முடிவதற்குள் பசியாவரம் வந்துவிட்டது.

ஊர்ப் பெயரைப் பாருங்கள். "பசியா வரம்! இந்த வரத்தை எந்த தேவதை கொடுத்ததோ, நம் வீட்டுப் பக்கமும் வரக்கூடாதா?" என்றார் சித்திரக்காரர். சுற்றிலும் ஏரி நீர். இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும் பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தென்கோடி நம்முடையது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. அங்கிருந்து ராக்கெட்டுகள் வானத்துக்குப் போகின்றன. இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பழவேற்காட்டுச் சந்தைக்குப் போகவே நெடுங்காலம் படகுதான் வழியாக இருந்தது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் படகு, பிரசவத்துக்குப் போகும் பெண்ணும் படகு. இதை எண்ணிக்கொண்டே கரையேறினேன். தூரத்தில் ஆழமில்லாத நீரில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடு போட்டதுபோல் நின்றன.

கரையில் எங்களுக்கு எதிரே ஓர் ஆயா வந்தார். அறுபதைத் தாண்டியிருக்கும். தலையில் துணிச் சும்மாடு. அதன்மேல் அலுமினிய அன்னக்கூடை. அதற்கும் மேலே ஈரச் சாக்கு மூடிய இன்னொரு கூடை. இரண்டு கையையும் வீசிக்கொண்டு, சேற்றில் கால் வழுக்காமல், நிமிர்ந்து நடந்து வந்தார்.

"கிரனேடியர்!" என்று முணுமுணுத்துவிட்டுச் சித்திரக்காரர் நோட்டைத் திறந்தார்.

உண்மையில் எந்த ரஷ்யனுடைய தொப்பியையும்விட உயரமான தலையலங்காரம்தான். அதற்குள் இருந்தவை நண்டுகள். உயிருள்ள பச்சை நண்டுகள், காலைக் கட்டி அடுக்கியவை.

"சும்மாட்டிலே என்னம்மா அதிசயம்? பழைய சேலைத் துண்டு. சுத்தி வெச்சா சும்மாடு, விரிச்சா துண்டு. மூஞ்சியும் தொடைக்கலாம், புள்ளையும் தூங்க வைக்கலாம்" என்றார் ஆயா. வெயிலில் எங்களை நிற்க வைக்க அவருக்கு மனம் வரவில்லை. "வா கண்ணு, நெழல்ல குந்து. நண்டு சாவறதுக்குள்ளே நான் போவணும், ஆனா ஒரு வாய்த் தண்ணி குடுக்க நேரமிருக்கு" என்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சிறிய வீடு. திண்ணையில் வலை குவிந்திருந்தது. ஆயாவின் வீட்டுக்காரர், பெரியவர், அதைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு முண்டாசாக இருந்தது. அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு முளை. அதில் தொங்கியது என்ன தெரியுமா? கறுப்பு விளிம்பும் வெள்ளிப் பொத்தானும் வைத்த புத்தம் புதுக் காவல்காரத் தொப்பி!

வீட்டில் ஒரு பேரன் இருந்தான். இருபது வயது. தெற்கே ஏதோ ஒரு கம்பெனியில் காவல் வேலை கிடைத்திருக்கிறது. மறுநாள் காலை முதல் படகில் போக வேண்டும். உடுப்பும் தொப்பியும் முதல் நாளே கொடுத்துவிட்டார்கள். சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம்.

பெரியவர் அந்தத் தொப்பியின் பக்கமே திரும்பவில்லை. சுவருக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார்.

"மூணு நாளா இப்படித்தான்" என்று ஆயா என் காதோடு சொன்னார். "படகு ஏறுறவன் தலையிலே முண்டாசுதான் இருக்கணும், எவனோ குடுத்த குல்லா எதுக்குங்கறாரு. ஏரியிலே முன்ன மாதிரி எறா இருந்தா நானும் அதைத்தான் சொல்லுவேன். மொவத்துவாரம் மூடிக்கினா எறா எங்கேருந்து வரும்?"

வாசக சகோதரிகளே, இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த ஏரி உயிரோடு இருப்பது கடல்நீர் உள்ளே வந்து போவதால்தான். முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் உப்பின் அளவு மாறுகிறது, நீர் குறைகிறது. கடலிலிருந்து உள்ளே வந்து வளர வேண்டிய இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வெளியே நின்றுவிடுகின்றன. பிறகு பசியாவரம் என்ற பெயர் இருந்து என்ன பிரயோஜனம்? நண்டுக் கூடை ஒன்றைக் காட்டி, "இதுக்கு ரெண்டு பேர் ராத்திரி பூரா தண்ணியிலே நின்னாங்க" என்றார் ஆயா.

சித்திரக்காரருக்குச் சங்கடமான மௌனம் என்றால் ஆகாது. தன் நோட்டைப் பிரித்துப் பித்தளைத் தொப்பிச் சிப்பாயின் படத்தைப் பெரியவரிடம் நீட்டினார். பெரியவர் ஊசியை வைத்துவிட்டு உற்றுப் பார்த்தார்.

"தகட்டிலே ஏன் ஓட்டை போட்டிருக்கீங்க?"

நல்ல கேள்வி! அதுதான் அந்தத் தொப்பியின் சரித்திரமே. 1807 ஜூன் 14-ந் தேதி பிரைட்லாந்து என்ற இடத்தில் நெப்போலியனிடம் ரஷ்யர்கள் தோற்றார்கள். தோற்ற சண்டையிலும் பாவ்லோவ்ஸ்கி என்ற கிரனேடியர் ரெஜிமெண்டு அசாத்திய தைரியத்துடன் நின்றது. அந்தச் சமயத்தில் மற்ற ரெஜிமெண்டுகளில் பழைய கூம்புத் தொப்பி போய்ப் புது மாதிரி வந்துகொண்டிருந்தது. ஆனால் சக்கரவர்த்தி அலெக்ஸாண்டர் 1808-ல் ஓர் உத்தரவு போட்டார். இவர்கள் மட்டும் பழைய தொப்பியையே அணியலாம். அதுவும் போர்க்களத்தை விட்டு வந்த நிலையிலேயே, குண்டு துளைத்த ஓட்டையோடு! அடைக்கக் கூடாது, மாற்றக் கூடாது. ஓட்டைத் தொப்பி கிடைத்த சிப்பாய் பாக்கியசாலி. (பிற்காலத்தில் இந்த ரெஜிமெண்டுக்குச் சப்பை மூக்குக்காரர்களையே தேடிச் சேர்த்தார்கள் என்றும் சொல்வார்கள். ரெஜிமெண்டுக்குப் பெயர் கொடுத்த பால் சக்கரவர்த்திக்குச் சப்பை மூக்காம். ராஜபக்திக்கு ஓர் எல்லை இல்லையா?)

பெரியவர் இதைக் கேட்டுவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். "வலையிலே ஓட்டை விழுந்தா எனக்கு யாரும் மெடல் தரலையே!" என்றார்.

"வேலூரிலே தொப்பிக்காகச் சண்டையே நடந்துச்சு தாத்தா" என்றான் பேரன். "புஸ்தகத்திலே படிச்சேன்."

"தொப்பிக்கா? சண்டையா?"

அந்தக் கதையை நான் சொல்ல வேண்டியதாயிற்று. பிரைட்லாந்துச் சண்டைக்குச் சரியாக முந்தின வருஷம் நடந்தது அது. சென்னைப் படைக்குத் தலைவராயிருந்த சர் ஜான் கிரடாக்குக்கு நம் சிப்பாய்களின் தலைப்பாகை பிடிக்கவில்லை. புது மாதிரித் தலைப்பாகை ஒன்று கொண்டுவந்தார். பார்வைக்குத் தொப்பி மாதிரியே இருக்கும். அதில் தோலால் செய்த சின்னம் ஒன்று. பசுத்தோலோ பன்றித்தோலோ என்று ஹிந்து, முஸ்லிம் இரு தரப்பாருக்கும் அருவருப்பு. அதோடு நிற்கவில்லை. அணிவகுப்பின்போது நெற்றியில் திருநீறு, நாமம் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசைகூட அவர்கள் சொல்லும் அளவில்தான்! 1806 மே மாதத்தில் வேலூரில் சில சிப்பாய்கள் தலைப்பாகையை வைக்கமாட்டோம் என்றார்கள். அவர்களைச் சென்னைக்குக் கொண்டுபோய் விசாரித்து, இருவருக்குத் தலைக்குத் தொள்ளாயிரம் கசையடி என்று தீர்ப்புச் செய்தார்கள்.

"தொள்ளாயிரமா!" என்று ஆயா தலையிலிருந்த கூடையை இறக்கி வைத்தார். அதுவரை இறக்காமலே நின்றிருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

ஜூலை 10-ந் தேதி விடிவதற்கு முன் வேலூர்க் கோட்டை எழுந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ஆனால் அன்று காலையிலேயே ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையுடன் வந்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததை நான் விஸ்தரிக்கப் போவதில்லை. நம்மவர் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். கோட்டைக்குள் திப்பு சுல்தானின் பிள்ளைகளைக் காவலில் வைத்திருந்தார்கள் என்பதும் கலகத்துக்கு ஒரு காரணம்தான். தலைப்பாகை ஒன்றே காரணம் என்று சொன்னால் சரித்திர ஆசிரியர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் கடைசியில் நடந்தது இது: புதுத் தலைப்பாகை உத்தரவு ரத்தாயிற்று. கிரடாக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் சீமைக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேரனைப் பார்த்து, "அவுங்க சம்பளத்துக்குத்தானே போனாங்க? சம்பளம் வேணும்னாலும் தலை தன்னுதுன்னு நெனைச்சாங்க" என்றார்.

"தாத்தா, எனக்கு யாரும் கசையடி குடுக்கல. எட்டு மணி நேரம் கேட்டிலே நிக்கணும். வீட்டுக்கு வந்தா கழட்டிடுவேன்" என்றான் பையன். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவது போலத்தான் சொன்னான்.

யார் சொல்வது சரி என்று என்னைக் கேட்காதீர்கள். என் மனம் பெரியவர் பக்கம் சாய்ந்தது. என் புத்தி பையன் பக்கம் போயிற்று. ஆயா எந்தப் பக்கமும் சாயவில்லை. கூடையை மறுபடியும் தலையில் ஏற்றிக்கொண்டு, "எல்லாரும் ஒரே படகிலே வாங்க, நண்டு காத்திருக்காது" என்றார்.

திரும்பும்போது படகில் நான் வேறொரு கதை சொன்னேன். அது ஆயாவுக்காக. உங்களுக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பழவேற்காட்டுக்கு டச்சுக்காரர்கள் வந்து 1613-ல் கெல்டிரியா என்று கோட்டை கட்டினார்கள். 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் ராஜதானி. எதற்காக வந்தார்கள்? துணிக்காக. இந்தக் கரையின் தறிகளில் கட்டம் போட்டு நெய்த துணி அவ்வளவு பிரசித்தம். சாயவேரில் தோய்த்த அந்தச் சிவப்புக்கு ஈடு கிடையாது. வெட்டாத நீளத் துணியாகப் போகும். அங்கே சதுரம் சதுரமாக வெட்டிக்கொள்வார்கள். ஆங்கில பாஷையில் 'புலிகாட்' என்ற ஊர்ப் பெயரே வர்ணக் கைக்குட்டைக்குப் பெயராகிவிட்டது! பிற்பாடு சென்னைக் கைக்குட்டை என்ற பெயர் அதைவிடப் பிரபலமாயிற்று. நெப்போலியன் காலத்தில் பழவேற்காடு இங்கிலீஷ்காரர் கைக்கு வந்துவிட்டது. 1795-ல் பிரெஞ்சுப் படை ஹாலந்தைப் பிடித்ததும், இங்கே இவர்கள் டச்சுக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். இடையில் திருப்பிக் கொடுத்து, 1825-ல் ஒரேயடியாக வாங்கிக்கொண்டார்கள்.

அந்தக் கைக்குட்டை எங்கே போயிற்று என்று கேளுங்கள். பெயர்தான் கைக்குட்டை, போய்ச் சேர்ந்த இடமெல்லாம் தலைதான்! பாரசீகத்தில் ரூமால் என்றால் முகம் துடைப்பது. நாமே அதை உருமால் ஆக்கித் தலையில் கட்டிக்கொண்டவர்கள் அல்லவா? அமெரிக்காவில் லூசியானா ஸ்பானியர் வசம் இருந்தபோது, 1786-ல் கவர்னர் மீரோ ஓர் உத்தரவு போட்டார். நியூ ஆர்லியன்ஸில் இருந்த சுதந்திரமான கறுப்பு இனப் பெண்கள் கூந்தலை அலங்காரம் செய்து காட்டக் கூடாது. துணியால் மறைத்துக் கட்ட வேண்டும் என்று! அவர்களைத் தாழ்த்துவதுதான் நோக்கம். அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? கட்டினார்கள். விலையுயர்ந்த வர்ணத் துணியாகத் தேடி எடுத்து, முடிச்சும் கொசுவமும் வைத்து, பார்த்தவர்கள் பிரமிக்கும்படி கட்டினார்கள். கவர்னரின் தண்டனை நாகரிகமாகிவிட்டது.

கரீபியன் தீவுகளான மார்ட்டினிக், குவாடலூப், செயிண்ட் லூசியா இங்கெல்லாம் இந்தக் கட்டம் போட்ட துணிக்கு 'மதராஸ்' என்றே பெயர். இன்றைக்கும் பண்டிகை உடை அதுதான். மஞ்சள் கட்டங்களுக்கு மேல் தூரிகையால் மஞ்சள் பூசி இன்னும் ஜொலிக்கச் செய்யும் வழக்கமும் உண்டு. மார்ட்டினிக்கில் தலைத்துணியின் நுனிகளுக்கு அர்த்தம் சொல்வார்கள். ஒரு நுனி நின்றால், பெண்ணின் மனம் காலியாக இருக்கிறது. இரண்டு என்றால் பேச்சு ஆகிவிட்டது. மூன்று என்றால் கலியாணம் ஆகிவிட்டது. நாலு நுனி வைத்துக் கட்டினால்…

"நாலுன்னா?" என்று ஆயா கேட்டார்.

"கலியாணம் ஆகிவிட்டது, இருந்தாலும் முயன்று பார்க்கலாம் என்று அர்த்தமாம்."

ஆயா சிரித்த சிரிப்பில் படகு ஆடிற்று.

1853-ல் முதல் கப்பல் மார்ட்டினிக் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டக் கூலிகளாக நம் பக்கத்து ஜனங்கள் அதில் போனார்கள். எனக்கு அடிக்கடி தோன்றுவது இதுதான்: ஏழு கடல் தாண்டி இறங்கியவளுக்கு எல்லாம் அந்நியம். மண், மரம், பாஷை எதுவும் தெரியாது. ஆனால் கரையில் நின்ற ஒரு கறுப்பினப் பெண்ணின் தலையில் இருந்த கட்டம் மட்டும் தெரிந்த கட்டம்! அவள் என்ன நினைத்திருப்பாள்?

பழவேற்காட்டில் இறங்கியதும் அந்தத் துணியைத் தேடினேன். டச்சுக் கல்லறையையும், அதன் வாசலில் நிற்கும் கல் எலும்புக்கூடுகளையும் பார்த்துவிட்டுக் கடைகடையாக ஏறினேன். பனையோலைப் பெட்டிகள் கிடைத்தன. இங்குள்ள பெண்களின் கைவேலை. வர்ணம் தீட்டிய ஓலையில் எத்தனை அழகு! இரண்டு வாங்கினேன். கைக்குட்டை மட்டும் இல்லை. ஒரு கடைக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, "காகிதத்திலே வேணுமா?" என்று கேட்டார்.

துறைக்குத் திரும்பி வந்தபோது சித்திரக்காரர் மொட்டைத் தலையுடன் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். படகுக்காரர் இரக்கப்பட்டுத் தம் துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். இவருக்குக் கட்டத் தெரியவில்லை. இரண்டு தடவை கண்ணை மறைத்தது. மூன்றாம் தடவை கழுத்தில் விழுந்தது. நண்டை விற்றுவிட்டு வெறுங்கூடையோடு வந்த ஆயா, அவரைக் குனியச் சொல்லி, இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு நுனியைச் செருகினார். ஆடவில்லை, அசையவில்லை.

"எத்தனை நுனி வைத்தீர்கள்?" என்று சித்திரக்காரர் பயந்துகொண்டே கேட்டார்.

"ஒண்ணு" என்றார் ஆயா.

துண்டுக்குப் பணம் வாங்கிக்கொள்ளப் படகுக்காரர் மறுத்துவிட்டார். பஸ்ஸில் அதன் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஈரோடு என்று அச்சடித்திருந்தது.

பஸ் நகரும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மறுகரைக்குப் புறப்படும் படகில் பேரன் நின்றுகொண்டிருந்தான். தாத்தாவுக்கு வலை நூல் வாங்க வந்திருக்கிறான் போலும். காற்று பலமாக அடித்தது. கையில் நூல் கண்டு, தலையில் முண்டாசு. தொப்பிக்கு இன்னும் ஓர் இரவு பாக்கி இருந்தது.